ஓரெழுத்து குறைந்தாலும்

யூதர்களின் தோராவில் 3,04,805 எழுத்துகள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரை, மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்கள் சேர்ந்ததுதான் தோரா. தமிழ் பைபிளைத் திறந்ததும் முதலில் வருபவை அவையே. அச்சிட்ட புத்தகமாக அது யூத வீடுகளின் அலமாரிகளில் தாராளமாக இருக்கும். ஆனால் சனிக்கிழமைக் காலையில் ஜெப ஆலயத்தில் எடுத்து வாசிக்க அச்சுப் புத்தகம் ஆகாது. தோலில், இறகுப் பேனாவால், ஒரு மனிதர் தன் கையால் எழுதிய சுருள் வேண்டும். அந்த மூன்று லட்சத்துச் சொச்சத்தில் ஓரெழுத்து விட்டுப்போயிருந்தாலும், ஒன்று கூடியிருந்தாலும், மை உதிர்ந்து ஒன்று மற்றொன்றாகத் தெரிந்தாலும் அந்தச் சுருள் வாசிப்புக்கு உதவாது. திருத்தி முடியும்வரை அது பேழைக்குள் காத்திருக்கும்.

நான் மெய்ப்புத் திருத்துபவள். ஈய எழுத்துக் கோத்த நாளில் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் வேலை கற்றவள். அப்போதெல்லாம் ஒருவர் கைப்பிரதியை உரக்கப் படிப்பார். மற்றவர் காலி புரூஃபின்மேல் கண்ணோட்டிக்கொண்டே வருவார். எனக்குப் படித்துக் காட்டிய பெரியவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி என எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். “இங்கே ஒற்று உண்டும்மா, கவனி” என்று நடுநடுவே எச்சரிப்பார். அந்தப் பழக்கத்தோடு யூதர்களின் வேதத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, பிழை பார்ப்பதை வழிபாட்டின் நடுவிலேயே வைத்திருக்கும் மக்களைக் கண்டேன். தோராவின் சட்டங்களை ரபிகள் எனப்படும் யூத ஆசான்கள் பல நூற்றாண்டுகள் விவாதித்ததன் பதிவு தால்மூத். அதில் ஒரு விதி வருகிறது: பிழை திருத்தாத வேதப்பிரதியை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை.

சுருள் எழுதுபவரை எபிரேயத்தில் சோஃபேர் என்பார்கள். ஒரு முழுச் சுருளுக்கு அவருக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். சிலருக்கு அதற்கு மேலும். உண்ணலாம் என்று தோரா அனுமதித்த விலங்கின் தோல்தான் எழுதத் தகுந்தது. அதைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்துப் பதப்படுத்துவார்கள். மையின் சரக்குகள் நம் நாட்டுமருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்தவையே: மாசிக்காய், வேலம்பிசின், அன்னபேதி. பேனா, வாத்து அல்லது வான்கோழியின் இறகு. கிழக்கத்திய யூதர்களில் சிலர் நாணல் சீவி எழுதுவார்கள். மை தொடாமல் கூரான கருவியால் தோலில் கோடுகளைக் கீறிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் கோட்டிலிருந்து தொங்கவிடுவார்கள். ஒரு பத்திக்குப் பெரும்பாலும் 42 வரிகள். எழுதி முடித்த தோல்களை விலங்கின் நரம்பால் தைத்து ஒன்றோடொன்று இணைப்பார்கள். பஞ்சு நூலுக்கு அங்கே இடமில்லை.

மனப்பாடமாகத் தெரிந்தாலும் நினைவிலிருந்து எழுதக் கூடாது. திருத்திய ஒரு மூலப்பிரதி எதிரில் இருக்க வேண்டும். அதைப் பார்த்து, சொல்லை வாயால் உச்சரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கண் ஏமாறும் இடத்தில் காது பிடித்துக்கொள்ளும் என்பதை எங்கள் அச்சகப் பெரியவரும் அறிந்திருந்தார். எழுத்தாளர்கள் பேனாவை ஓட்டிப் பார்க்கும்போது தங்கள் பெயரைக் கிறுக்குவதுண்டு. சோஃபேர்களில் பலர், இஸ்ரவேலரை வழிமறித்துத் தாக்கிய அமலேக்கின் பெயரைத் துண்டுத் தோலில் எழுதி உடனே அடித்துவிடுவார்கள். அவன் பெயரை அழிக்கும்படி தோராவில் கட்டளை இருக்கிறது. கடவுளின் பெயர் வரும் இடம் நெருங்கினால் வேலையின் வேகமே மாறும். அந்தப் பெயரின் புனிதத்துக்காக இதை எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அதற்கு முன் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பிழை நேர்ந்தால்? சாதாரணச் சொல் என்றால் மை காய்ந்தபின் கத்தியால் சுரண்டிவிட்டு மீண்டும் எழுதலாம். கடவுளின் பெயரைச் சுரண்டக் கூடாது. அதில் பிழை நேர்ந்து வேறு வழியில்லை என்றால் அந்தத் தோலையே எடுத்துவிட்டுப் புதுத் தோலில் அத்தனை பத்திகளையும் திரும்ப எழுத வேண்டும். எடுத்த தோலைக் குப்பையில் போட முடியாது. அதைப் பாதுகாத்து மண்ணில் புதைப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விதி எழுத்தின் வடிவம் பற்றியது. எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகள் மூலையில் ஒரு சிறு முனையால் மட்டும் வேறுபடும். ‘ஒருவர்’ என்ற சொல்லின் கடைசியில் தாலெத்துக்குப் பதிலாக ரேஷ் விழுந்தால் அது ‘வேறொருவர்’ ஆகிவிடும். ஒரே கடவுள் என்று அறிக்கையிடும் வசனத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும்! அதனால் அந்த வசனத்தில் அந்தத் தாலெத்தைச் சுருளில் பெரிதாகவே எழுதுகிறார்கள். மற்ற இடங்களில் ஓர் எழுத்து இதுவா அதுவா என்ற ஐயம் வந்தால், படித்த ரபியைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஒரு சிறுவனைக் கூப்பிடுவார்கள். அவன் எழுத்து தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஆனால் பொருளைக் கொண்டு ஊகித்துச் சொல்லும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது. சுற்றியுள்ள எழுத்துகளை மறைத்துவிட்டு, இது என்ன என்று கேட்பார்கள். அவன் சொன்னதே தீர்ப்பு. அறிவு கூடக்கூடக் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தெரிந்தவன் அதையே படித்துவிடுவான். மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் வேலையில் கற்கும் இந்த உண்மையை, தால்மூத் காலத்து ஆசிரியர்கள் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

எழுதிய சுருள் ஆலயத்துக்கு வந்தபின்னும் சரிபார்ப்பு ஓய்வதில்லை. தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரந்தோறும் வாசிக்கப்படுகிறது. திங்கள், வியாழன் காலைகளில் சிறிது. சனிக்கிழமையான சப்பாத்தன்று முழுப்பகுதி. சப்பாத் காலையில் ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக அழைப்பார்கள். சுருளில் உயிர்க்குறி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, எந்தச் சொல்லை எந்த இசையில் நீட்ட வேண்டும் என்ற அடையாளமும் கிடையாது. வெறும் மெய்யெழுத்துகள்தாம். வாசிப்பவர் அத்தனையையும் வாரம் முழுதும் பழகி மனத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கைபட்டால் மை கெடும் என்பதால், நுனியில் சிறு கை வடிவம் செதுக்கிய கோலால் வரியைச் சுட்டிக்கொண்டே போவார். அவருக்கு இருபுறமும் இருவர் நிற்பார்கள். அவர்கள் கையில் குறிகளோடு அச்சிட்ட புத்தகம் இருக்கும். பொருள் மாறும்படி ஒரு சொல்லை அவர் பிழையாக உச்சரித்தால் அங்கேயே திருத்துவார்கள். அவர் பின்னால் போய்ச் சரியாக வாசித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். அவர்கள் மட்டுமா? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் பலர் தங்கள் புத்தகங்களில் கண்ணோட்டியபடியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதின்மூன்று வயதில் முதன்முதலாக வாசிக்க வரும் பையன் தடுமாறும்போது நாலு மூலைகளிலிருந்தும் சரியான சொல் எழும்பும். அதை யாரும் அவமானமாகக் கொள்வதில்லை. திருத்துவதும் திருத்தப்படுவதும் பொது இடத்தில், இறைவன் முன்னிலையில், இயல்பாக நடக்கிற அந்தக் காட்சி எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

வாசிப்பின் நடுவில் சுருளிலேயே தவறு இருப்பது தெரிந்தால் அதை மூடி எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை வெளியே எடுப்பார்கள். தவறுள்ள சுருளின் உறைக்கு மேலே, சுருளைக் கட்டும் கச்சையைக் கட்டிவிடுவது வழக்கம். இது திருத்த வேண்டியது என்று பார்த்தவுடன் தெரிய அது அடையாளம்.

இவ்வளவு கறாராக இருப்பவர்கள் விசித்திரமான எழுத்துகளை என்ன செய்திருப்பார்கள்? அங்கேதான் நான் தலைவணங்குகிறேன். லேவியராகமத்தின் முதல் சொல்லில் கடைசி எழுத்து மட்டும் சிறியதாக இருக்கிறது. எண்ணாகமம் 25ஆம் அதிகாரத்தில் ‘வாவ்’ என்ற எழுத்து ஒன்று நடுவில் முறிந்திருக்கிறது. தோராவில் பத்து இடங்களில் எழுத்துகளின் தலைமேல் புள்ளிகள் இருக்கின்றன. ஏன் அப்படி என்பதற்கு விளக்கம் சொன்னவர்கள் பலர். சீர்செய்யத் துணிந்தவர் ஒருவருமில்லை. ஒவ்வொரு சோஃபேரும் அந்தச் சிறிய எழுத்தைச் சிறியதாகவும் முறிந்த எழுத்தை முறித்தும் எழுதிவைக்கிறார். சில சொற்களில் எழுத்து ஒரு விதமாகவும் மரபு வழிவந்த உச்சரிப்பு வேறு விதமாகவும் இருக்கும். அங்கே எழுத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, வாசிக்கும்போது மரபுப்படி வாசிக்கிறார்கள். கடவுளின் நாலெழுத்துப் பெயரும் அப்படித்தான். எழுதியபடி யாரும் அதை உச்சரிப்பதில்லை. ‘என் ஆண்டவர்’ என்று பொருள்படும் அதோனாய் என்றே வாசிப்பார்கள். திருத்துபவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. பிழையைக் களைவது ஒன்று. தனக்குப் புரியாததைப் பிழை என்று முடிவுகட்டாமல் இருப்பது மற்றொன்று. இரண்டாவது கடினம். மூலப்பிரதியில் இருந்த அரிய சொல்லை ‘சரிசெய்து’ தெரிந்த சொல்லாக்கிவிட்ட பதிப்புகளை என் வேலையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

உச்சரிப்பையும் இசையையும் குறிகளாக்கி எழுதியவர்கள் மசோரெட்டுகள் எனப்படும் அறிஞர்கள். ஏழாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டுவரை, கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா அவர்களின் முக்கிய ஊர். சுருளைத் தொடாமல், புத்தக வடிவிலான பிரதிகளில் எழுத்துக்கு மேலும் கீழும் குறிகளை இட்டார்கள். ஓரங்களில் பொடி எழுத்தில் கணக்கு எழுதினார்கள்: இந்தச் சொல் இந்த எழுத்துக்கூட்டலோடு வேதம் முழுவதிலும் எத்தனை முறை வருகிறது என்று. பின்னால் படியெடுப்பவன் தன் விருப்பப்படி ஓர் எழுத்தைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும், அகப்பட்டுக்கொள்வான். அவர்களில் ஆரோன் பென் ஆஷேர் குறியிட்ட பிரதி கி.பி. 930 அளவில் உருவானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிதெஸ் அதையே தம் ஆதாரமாகக் கொண்டார். பிறகு சிரியாவின் அலெப்போ நகர யூதர்கள் அதைச் சில நூற்றாண்டுகள் காத்துவந்தார்கள். 1947 கலவரத்தில் அவர்களின் ஆலயம் தீக்கிரையானபோது பிரதி சிதைந்தது. தப்பிய ஏடுகள் இன்று ஜெருசலேமில் இருக்கின்றன. தோராப் பகுதி ஏறக்குறைய முழுதும் போய்விட்டது.

இத்தனை காவலுக்கும் பலன் இருந்ததா? சாக்கடல் கரையில் என்கேதி என்ற இடத்தில், எரிந்துபோன பழைய ஜெப ஆலயம் ஒன்றை 1970இல் தோண்டியபோது பேழையில் கரிக்கட்டி ஒன்று கிடைத்தது. தொட்டால் உதிரும், பிரிக்க வழியில்லை. பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழுவினர் அதை எக்ஸ்-கதிர்களால் படம்பிடித்து, கணினித் திரையில் அடுக்கடுக்காகப் பிரித்து விரித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. அது லேவியராகமத்தின் தொடக்கம். கார்பன் ஆய்வுப்படி மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படிக்க முடிந்த மெய்யெழுத்துகள் அத்தனையும் இன்றைய பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. உலகின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனியே படியெடுக்கப்பட்ட சுருள்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். யேமன் நாட்டு யூதர்களின் தோரா மற்றவர்களுடையதிலிருந்து மாறுபடுவது ஒன்பது எழுத்துகளில்தான். அவையும் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளே.

இந்த எழுத்துகள் ஆலயத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. வீட்டு வாசலுக்கும் மனித உடம்புக்கும் வந்துவிடுகின்றன. உபாகமத்தின் இரண்டு பத்திகளை, 713 எழுத்துகளை, 22 வரிகளாகத் துண்டுத் தோலில் எழுதிச் சுருட்டி, சிறு உறையில் இட்டு, உள்ளே நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில் பதிப்பார்கள். இதற்கு மெசூசா என்று பெயர். போகும்போதும் வரும்போதும் விரலால் தொட்டு முத்தமிட்டுக்கொள்வார்கள். பெரும்பாலான ஐரோப்பிய யூதர் வீடுகளில் அது சாய்வாக இருக்கும். நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றார் பதினோராம் நூற்றாண்டின் பெரிய உரையாசிரியர் ராஷி. படுக்கை வசமாக வைக்க வேண்டும் என்றார் அவருடைய பேரன் ரபேனு தாம். இருவரையும் விட்டுக்கொடுக்க மனமில்லாத வழித்தோன்றல்கள் சாய்த்துவிட்டார்கள். ஏழாண்டுக்கு இருமுறை உறையைத் திறந்து எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

தெஃபிலின் என்பவை கறுப்புத் தோலால் ஆன இரண்டு சிறு பெட்டிகள். ஒன்றை இதயத்தை நோக்கி இருக்குமாறு இடப்புயத்திலும், மற்றொன்றை நெற்றிக்கு மேலும் வாரால் கட்டிக்கொண்டு, சப்பாத்தும் பண்டிகைகளும் தவிர்த்த நாள்களில் காலைத் தொழுகை செய்வார்கள். முன்கையில் வார் ஏழு சுற்று சுற்றும். இரண்டு பெட்டிகளுக்குள்ளும் சேர்த்து 3,188 எழுத்துகள். தெஃபிலினிலும் மெசூசாவிலும் சுருளைவிடக் கடுமையான ஒரு விதி உண்டு. எழுத்துகளை வரிசை தவறாமல் எழுத வேண்டும். இருபதாவது எழுத்து விட்டுப்போனதை நூறாவது எழுத்தில் கண்டால், திரும்பிப்போய் இடைச்செருக முடியாது. உள்ளே வைக்கும் பத்திகளின் வரிசையிலும் அந்தத் தாத்தாவும் பேரனும் கருத்து மாறுபட்டார்கள். இன்றும் சில பக்தர்கள் இரு முறைப்படியும் இரண்டு ஜோடிகள் வைத்துக்கொண்டு ஒன்றை அடுத்து மற்றொன்றை அணிகிறார்கள்.

தொழுகை நாளுக்கு மூன்று வேளை: காலை, பிற்பகல், இரவு. சித்தூர் என்ற தொழுகைப் புத்தகம் வழிகாட்டும். அதன் நடுநாயகம் ஜெருசலேம் திசை நோக்கிக் கால்களைச் சேர்த்து நின்று தணிந்த குரலில் சொல்லும் வேண்டுதல்கள். ஒரே கடவுளை அறிக்கையிடும் ஷெமாவைக் காலையிலும் இரவிலும், முதல் வரியில் வலக்கையால் கண்ணை மூடியபடி சொல்வார்கள். கூட்டுத் தொழுகைக்கும் தோரா வாசிப்புக்கும் பத்துப் பேர் சேர வேண்டும். மரபுவழியினர் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். ஆலயத்துக்கு வெளியிலும் அப்பத்துக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, மின்னலைக் கண்டால் ஒன்று, கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் ஒன்று என நன்றிச் சொற்கள் உண்டு. ஒரு நாளில் நூறு சொல்வது மரபு.

பெண் எழுதிய சுருள் செல்லாது என்கிறது மரபுச் சட்டம். இது எனக்கு ஏற்புடையதல்ல. கண்ணும் கையும் கவனமும் கேட்கிற வேலையில் ஆண் பெண் எங்கிருந்து வந்தது? மரபுவழியல்லாத பிரிவுகளில் இந்தக் கதவு திறந்திருக்கிறது. ஜென் டெய்லர் ஃப்ரீட்மன் என்ற பெண் 2007இல் ஒரு முழுத் தோராவை எழுதி முடித்தார். இக்காலத்தில் அப்படி முடித்ததாக அறியப்படும் முதல் பெண் அவர். அவருக்குப் பின் வேறு பெண்களும் எழுதியிருக்கிறார்கள்.

தேய்ந்துபோன எழுத்துக்கு என்ன கதி? கடவுளின் பெயர் இருக்கும் எதையும் எரிக்கவோ எறியவோ கூடாது. ஆலயத்தில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, அங்கே சேர்த்து வைத்துப் பின்னர் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். அந்த இடத்துக்கு கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில், என்ன காரணத்தாலோ, புதைக்காமல் நூற்றாண்டுக்கணக்கில் அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சாலமன் ஷெக்டர் 1896ஆம் ஆண்டு இறுதியில் அங்கே போய், ஏறக்குறைய 1,93,000 துண்டுகளைக் கப்பலேற்றினார். வேதமும் தொழுகையும் மட்டுமல்லாமல், எபிரேய எழுத்தில் எழுதிய கடிதம், கணக்கு, திருமணப் பத்திரம் எல்லாம் அதில் இருந்தன. மலபார்க் கரைக்கு வந்து மிளகு வாங்கிய வணிகர்களின் கடிதங்களும் அவற்றில் உண்டு. ஆபிரகாம் பென் யிஜு என்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வாணிகம் செய்தது அப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. எழுத்தை எறியாத பழக்கம் நம் கடற்கரையின் வரலாற்றில் ஒரு பங்கைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

நம் பக்கத்து யூதர்களின் வேதப்பிரதியும் கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறது. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடுகளை உடைய கொச்சி யூதர்களைத்தான் சொல்கிறேன். கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் 1806இல் கொச்சிப் பக்கம் வந்து, அவர்களின் பழைய தோராச் சுருள் ஒன்றைப் பெற்றுக்கொண்டு போனார். சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத்தோல்கள் 37. தைத்து இணைத்த நீளம் 48 அடி. லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் அதில் இல்லை. தாமஸ் யேட்ஸ் என்பவர் அச்சிட்ட எபிரேயப் பிரதியோடு அதை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி 1812இல் புத்தகமாக வெளியிட்டார். வேறுபாடுகள் நாற்பதளவே, எல்லாம் சிறியவை, பொருளை மாற்றாதவை. அரபிக்கடலுக்கு இப்பால் மலையாளம் பேசி வாழ்ந்த ஒரு சிறு சமூகம், யாரும் வந்து மேற்பார்வை பாராமலே காத்த துல்லியம் அது.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயத்துக்கு நான் போயிருக்கிறேன். நம் கோயில்களைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நீலச் சித்திரமிட்ட சீனத் தரையோடுகளில் நடக்க வேண்டும். கொச்சி ஆலயங்களுக்கே உரிய வழக்கப்படி வாசிப்பு மேடைகள் இரண்டு: ஒன்று கூடத்தின் நடுவில், மற்றொன்று மாடியில், பெண்கள் பகுதியை ஒட்டி. அவர்களின் சுருள்கள் வெல்வெட் உறைக்குப் பதிலாக மரப்பேழையில் நிமிர்ந்தபடி இருக்கும். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். வெளியூர்ப் பயணிகள் யாராவது வந்து சேர்ந்தாலன்றி அங்கே பத்துப் பேர் கூட வழியில்லை. பத்துப் பேர் இல்லாவிட்டால் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்கவும் முடியாது.

ஐரோப்பாவில் மக்கள் குடிபெயரவில்லை, கொல்லப்பட்டார்கள். பொஹிமியா, மொராவியா பகுதிகளின் நூற்றுக்கு மேற்பட்ட ஆலயங்களிலிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிராகாவுக்குச் சேகரிக்கப்பட்ட சுருள்களில் 1,564, பின்னர் வழிபாடு நின்றுபோன ஓர் ஆலயத்தில் ஈரத்தில் அடுக்கிக் கிடந்தன. 1964 பிப்ரவரியில் அவை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்து, திருத்த முடிபவை எவை, முடியாதவை எவை என்று வகைப்படுத்தினார்கள். சோஃபேர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவற்றைச் செப்பனிட்டார். மங்கிய எழுத்தின்மேல் மை ஏற்றினார். விட்ட தையலை நரம்பால் தைத்தார். இது யாருடைய கையெழுத்து, இதை எழுதவைத்தவர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொண்டே அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். செப்பனிட்டவை உலகின் பல நாட்டு ஆலயங்களுக்கு இரவலாகப் போயின. எந்த ஊரிலிருந்து வந்தது என்ற செய்தியோடு அவற்றை வைத்திருக்கிறார்கள். வாசிப்புக்கு ஆகாதவற்றையும் புதைத்துவிடாமல், சாட்சியாகக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள். புதைக்க வேண்டும் என்ற மரபை அறிந்தே அப்படிச் செய்தார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புதிய சுருள்கள் இன்றும் எழுதப்படுகின்றன. தோராவின் கட்டளைகள் 613 என்பது மரபுக் கணக்கு. ஒவ்வொரு யூதரும் தமக்கென ஒரு தோரா எழுத வேண்டும் என்பது கடைசிக் கட்டளை. எல்லாராலும் அது ஆகாதே! அதனால் சோஃபேர் கடைசிச் சில எழுத்துகளை வெறும் கோட்டுருவாக விட்டுவைக்கிறார். நிறைவு விழாவன்று பணம் கொடுத்தவர், கொடுக்க இயலாதவர், பாட்டி, பேரன் என்று ஒவ்வொருவராக வந்து, அவர் கைபிடித்துக் காட்ட, ஆளுக்கோர் எழுத்தில் மை நிரப்புகிறார்கள். பின்பு திருமணப் பந்தலைப் போன்ற விதானத்தின் கீழ்ச் சுருளை ஏந்தி, ஆடிப்பாடித் தெருவழியே ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆலயத்திலிருக்கும் பழைய சுருள்களை வாசலுக்கு எடுத்துவந்து புதியதை எதிர்கொண்டு அழைக்கிறார்கள். இக்காலத்தில் இதற்கு முன்பே ஸ்கேனர் ஒன்று எல்லாப் பத்திகளையும் படம்பிடித்திருக்கும். கணினி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி, சந்தேகமான இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கும். மனிதர்களும் அதைப் படித்துப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சுருளை விரித்து வாசிக்கும்போது இருபுறமும் இருவர் வழக்கம்போல் நிற்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஓர் எழுத்தின் கால் அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருப்பது வாசிப்பவர் கண்ணில் படுவதும் உண்டு. அப்போது வாசிப்பு நிற்கும். சுருளை மூடி, கச்சையை வெளியே கட்டி உள்ளே வைத்துவிட்டு, பழையதொன்றை எடுத்து வாசிப்பைத் தொடர்வார்கள். சப்பாத் முடிந்ததும் சோஃபேருக்குச் சொல்லி அனுப்புவார்கள்.